மாலுமி நாய் சம்மாட்டியான கதை

கிளிஞ்சல்முனைக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்கள் அந்த ஊருக்குப் போகாதவர்கள். போய்விட்டு வந்தவர்கள் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். அது போதாது என்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் கஸ்பார் என்று ஒருவன் இருந்தான். சின்ன வள்ளம் ஒன்று, பிரகாசி என்று மனைவி ஒருத்தி, மாலுமி என்று நாய் ஒன்று, இவ்வளவுதான் அவன் உலகம். இந்த மூன்றில் அவன் பேச்சைக் கேட்டது வள்ளம் மட்டும்தான். அதுவும் காற்றில்லாத நாளில்.

கடலுக்குப் போகிற மற்றவர்கள் திரும்பி வரும்போது மாதா கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கரையேறுவார்கள். கஸ்பாருக்குக் கோபுரத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. "கோபுரம் எல்லா ஊர்லயும் இருக்குவே. மாலுமி நம்ம ஊர்ல மட்டுந்தானே இருக்கு" என்பான். நாய் எங்கே நின்று குரைக்கிறதோ, அங்கே வள்ளத்தை விடுவான். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பிசகியது. பிரகாசி தன் தங்கை கல்யாண வேலைக்கென்று பக்கத்து ஊருக்குப் போனபோது மாலுமியும் பின்னாலேயே போய்விட்டது. கஸ்பார் அன்று குரைப்பைக் கேட்டுக்கொண்டே வந்து அந்த ஊரில் கரையேறினான். எதிரே இருந்த வீட்டுக்குள் நுழைந்தான், உட்கார்ந்தான், போட்டதைச் சாப்பிட்டான். இது தன் வீடில்லை என்று பாதிச் சாப்பாட்டில்தான் அவனுக்கு உறைத்தது. குழம்பு நன்றாக இருந்தது.

ஆகவே மாலுமி கரையில் நின்றால்தான் கஸ்பாருக்கு வீடு. மற்றவர்களுக்கு இது சிரிப்பு. கஸ்பாருக்கு இது உயிர்.

ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அங்கே கரைவலைதான் பெரிய தொழில். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் நீளமான கயிறுகளைக் கரைக்குக் கொண்டுவந்து ஊரே நின்று இழுக்கும். வலைக்கு உடையவரைச் சம்மாட்டி என்பார்கள். கரையில் கயிற்றின் தலைமாட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது சம்மாட்டியின் வேலை. வலையில் வருவதற்குப் பாடு என்று பெயர். பாட்டில் பாதி சம்மாட்டிக்கு. மீதிப் பாதி கயிற்றில் கை வைத்தவர்களுக்கு. யார் கை, எவ்வளவு நேரம் வைத்தது என்றெல்லாம் விசாரணை கிடையாது. கை பட்டால் பங்கு. ஒரு தடவை பஸ் கண்டக்டர் ஒருவர் ஒதுங்கப் போன இடத்தில் கயிறு தடுக்கி, விழாமலிருக்க அதைப் பிடித்துவிட்டார். அவருடைய தோல்பையில் இரண்டு கை சாளை மீனை அள்ளிப் போட்ட பிறகுதான் ஊரார் அவரை விட்டார்கள்.

இதனால் கயிற்றைப் பார்த்தால் கிளிஞ்சல்முனைக்காரன் கை சும்மா இருக்காது. அந்த ஊரில் துணி காயப்போடக் கொடி கட்டுவதில்லை. கட்டினால் போகிற வருகிறவன் இழுத்துப் பார்த்துவிட்டு வேட்டியில் பங்கு கேட்பான்.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. மணலில் துணியை விரித்துக் கோழி வறுவலைத் திறந்து வைத்தது. கரையில் துணி விரித்து எதையாவது வைத்தால் அது விற்பனைக்கு என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். நாலு பேர் போய்க் குனிந்து பார்த்து, "காலைல பிடிச்சது இல்ல" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்தார்கள். மாலுமி மட்டும் ஒரு குறையும் சொல்லாமல் மொத்தமாக எடுத்துக்கொண்டது.

அந்தக் குடும்பம் எங்கேயோ போய்ப் புகார் எழுதிக் கொடுத்தது. கொஞ்ச நாளில் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து ஓர் அதிகாரியும் டிரைவரும், ஒன்றும் எழுதாத ஒரு தகரப் பலகையும் இறங்கினார்கள். ஊர்த் தலைவர் கர்வாலோ வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"பொதுக் கடற்கரையில நாயை விடலாமா கூடாதான்னு ஒரு பிரச்சினை" என்றார் அதிகாரி. "நானா முடிவு பண்ணா, எங்களைக் கேக்கலைன்னு சொல்லுவீங்க. ஊர் கூடிப் பேசுங்க. என்ன முடிவோ அதை இந்தப் பலகையில எழுதி நட்டு வையுங்க. அடுத்த மாசம் வந்து பாப்பேன்."

"அதுவரைக்கும் ஐயா?"

"அதுவரைக்கும் நாய் கரையில இருந்தா கழுத்துல கயிறு இருக்கணும். மறுமுனை அதோட ஆள் கையில இருக்கணும். கயிறில்லாம திரிஞ்சா வண்டி வரும். பிடிச்சுப் போட்டுக்கிட்டுப் போயிடுவாங்க. அவ்வளவுதான்."

அவருக்கு அது அவ்வளவுதான். கூட்டத்தின் கடைசியில் நின்ற கஸ்பார் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். மாலுமி கரையில் இருக்க வேண்டும், கஸ்பார் கடலில் இருக்க வேண்டும், கயிற்றின் மறுமுனை கஸ்பார் கையில் இருக்க வேண்டும். இது எப்படி நடக்கும்? நடக்காவிட்டால் வண்டி வரும். வண்டி மாலுமியைக் கொண்டுபோய் எந்த ஊரில் விடுமோ, அந்த ஊரில்தான் இனிமேல் தான் கரையேற வேண்டியிருக்கும் என்று நினைத்து அவன் அன்று சாப்பிடவில்லை. பிரகாசியின் சமையலும் அதற்கு ஒரு காரணம்.

மறுநாள் மாலையில் ஊர் மணலில் கூடியது. முதலில் மாதா கோயில் சாமியாரிடம் ஆளனுப்பிக் கேட்டார்கள். ஞானஸ்நானம் வாங்காத ஜீவன்களைப் பற்றித் தனக்கு ஒரு கருத்தும் இல்லை என்று சொல்லி அவர் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு எல்லாரும் இன்னாசியின் முகத்தைப் பார்த்தார்கள். இன்னாசி ஊருக்குள் அறிவாளி. ஒரு தடவை தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் போய், இறங்காமலே அதே பஸ்ஸில் திரும்பி வந்தவர். அதிலிருந்து வெளியுலகம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கேட்பார்கள்.

"முதல்ல கரைன்னா எதுன்னு முடிவு பண்ணணும்" என்றார் இன்னாசி. "அலை ஏறினா கரை சின்னதாப் போவுது. இறங்கினா பெருசாவுது. நாய் என்னமோ ஒரே இடத்துலதான் நிக்கி. ஒரு நேரம் கரையில நிக்கி, ஒரு நேரம் கடல்ல நிக்கி. கரையில நிக்கும்போதுதானே குத்தம்?"

"அப்ப கடல்லயே நிறுத்திரட்டா?" என்று கஸ்பார் ஆவலாகக் கேட்டான்.

"நிறுத்தும். ஆனா கடல்ல கிடைக்கதெல்லாம் பாடு. வலையில வந்துட்டுன்னா ஊருக்குப் பங்கு வச்சிருவோம். பொறவு வருத்தப்படக் கூடாது."

கஸ்பார் அந்த யோசனையை அப்படியே விட்டுவிட்டான்.

"நான் கேக்கேன்" என்றார் தலைவர் கர்வாலோ. "கரைங்கது சோலி பாக்க இடம். நாய்க்குக் கரையில என்ன சோலி? வலை இழுக்கா? மீனு பொறுக்குதா?"

"உங்க மச்சான் கூடத்தான் ஒண்ணும் செய்யாம இங்கன படுத்துக் கிடக்காரு" என்று யாரோ சொன்னார்கள்.

"அவரு குரைக்க மாட்டாரு."

"அதைத்தான் நாங்களும் சொல்லுதோம். மாலுமி அதையாவது செய்யுது."

பேச்சு தடித்தது. கடைசியில், யாரைப் பற்றிப் பேச்சோ அவரையும் ஒரு வார்த்தை கேட்பதுதான் முறை என்று முடிவாயிற்று. ஊர்க்கூட்டத்தின் முன்னால் நிற்பவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மாலுமிக்கு இடுப்பு எது என்பதில் கொஞ்சம் தகராறு இருந்தது. குத்துமதிப்பாக ஒரு இடத்தில் துண்டைக் கட்டி நடுவில் நிறுத்தினார்கள்.

"இந்தா பாரு, உனக்குக் கரை வேணுமா, வேண்டாமா?" என்றார் தலைவர்.

மாலுமி அவரைப் பார்த்தது. வாயைப் பெரிதாகத் திறந்து, கொட்டாவி விட்டு, துண்டோடு படுத்துக்கொண்டது.

"சொல்ல வந்துச்சு" என்றார் இன்னாசி. "கூட்டத்தைப் பாத்துட்டு அடக்கிக்கிட்டு. தலைவரு முன்னால எதுக்குன்னு மரியாதை. நம்மள்ல எத்தனை பேருக்கு இந்த அடக்கம் இருக்கு?"

தலைவர் கொஞ்சம் குளிர்ந்து போனார். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கஸ்பார் மட்டும் எழுந்திருக்காமல் மணலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என்னவே?" என்றார் இன்னாசி.

"அதுவரைக்கும் நான் எப்பிடிக் கடலுக்குப் போவேன் அண்ணாச்சி? கயித்தோட மறுமுனை என் கையில இருக்கணும்னுட்டாரே."

இன்னாசி கண்ணை மூடி யோசித்தார். "கயிறு எவ்வளவு நீளம்னு அதிகாரி சொன்னாரா?"

"சொல்லல்லியே."

"பொறவு என்னவே?"

ஊரில் நீளமான கயிறு என்றால் கரைவலைக் கயிறுதான். வலையிலிருந்த கயிறுகளையெல்லாம் அவிழ்த்து ஒன்றோடொன்று முடிந்தார்கள். ஒரு முனையில் இறுகாத பெரிய வளையமாக ஒரு முடிச்சுப் போட்டு மாலுமியின் கழுத்தில் மாலை போலத் தொங்கவிட்டார்கள். மறுமுனையைக் கஸ்பார் வள்ளத்தின் பின்கொம்பில் கட்டி, மிச்ச வாலைக் கையில் பிடித்துக்கொண்டான். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கடலுக்குள் போனான். கயிறு அவன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. சட்டத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்ற நிம்மதியில் அவன் தூண்டிலை இறக்கினான்.

விடிந்ததும் ஊர் கரைக்கு வந்தது. கயிற்றைக் கொடுத்துவிட்டோமே, இன்று வலையே போடவில்லையே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடலிலிருந்து ஒரு கயிறு கரைக்கு வருகிறது, அதன் தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வேறென்ன வேண்டும்? ஆளுக்கொரு பக்கம் கை வைத்தார்கள். "ஏலோ, ஐலசா" என்று சத்தம் எழும்பியது.

நடுக்கடலில் வள்ளம் பின்பக்கமாகப் போகத் தொடங்கியது. நீரோட்டம் மாறியிருக்கிறது என்று கஸ்பார் எதிர்த்துத் துடுப்புப் போட்டான். அவன் துடுப்புப் போடப் போடக் கரையில் கயிறு கனத்தது. "பெரிய பாடு" என்று கரையில் சந்தோஷம். கயிற்றைப் பெரிய மீன் ஏதோ விழுங்கிவிட்டது என்று கடலிலும் சந்தோஷம். கஸ்பார் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுத் தன் பக்கத்துக்குக் கயிற்றை இழுத்தான். இப்படி இரண்டு பக்கமும் வெகுநேரம் சந்தோஷமாக இழுத்தார்கள். பிறகு மாலுமி குரைக்கிற சத்தம் கேட்டது. "கரை வந்தாச்சு போல" என்று கஸ்பார் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வள்ளம் மணலேறி, ஊருக்கு நடுவில் வந்து நின்றது.

ஊர் சுற்றி நின்று பாட்டைப் பார்த்தது. ஒரு வள்ளம், ஒரு தூக்குச்சட்டி பழைய சோறு, ஒரு கஸ்பார்.

"இவ்வளவுதானா?" என்றார் தலைவர்.

"கடல் குடுத்தது இதுதான். குறை சொல்லப்படாது" என்றார் இன்னாசி. "முறைப்படி பங்கு வைங்க."

"பங்கு வைக்கதுக்கு இது கஸ்பாருல்லா?"

"போகும்போது கஸ்பாரு. கயித்து முனையில வந்தா பாடு. இல்லன்னு கஸ்பாரே சொல்லட்டும்."

கஸ்பார் நியாயஸ்தன். அவனும் எத்தனையோ தடவை பங்கு வாங்கித் தின்றவன். "முறைன்னா முறைதான் அண்ணாச்சி" என்றான். "ஆனா ஒண்ணு. நானும் கயித்தைப் பிடிச்சிருந்தேன். எனக்கும் என்னில பங்கு உண்டு."

இது நல்ல கேள்வி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மணலில் உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று.

"மீனு கூடத்தான் வலையைப் பிடிச்சுக்கிட்டே வருது" என்றார் இன்னாசி கடைசியில். "என்னைக்காவது மீனுக்குப் பங்கு வச்சிருக்கோமா? இன்னைக்கு உமக்கு வச்சா நாளைக்குச் சாளை வந்து கேக்கும். ஊரு தாங்காது."

சாளை கேட்டால் கஷ்டம்தான் என்று கஸ்பாரும் ஒத்துக்கொண்டான்.

அடுத்தது சம்மாட்டி யார் என்ற கேள்வி. கயிற்றின் தலைமாட்டில் யார் இருந்தது என்று பார்த்தார்கள். மாலுமி அங்கேயே, கழுத்தில் கயிற்றோடு, ஒரு சம்மாட்டிக்கு உரிய சோம்பலோடு உட்கார்ந்திருந்தது. ஆகவே கஸ்பாரில் பாதி மாலுமிக்கு என்றும், மீதிப் பாதி கை வைத்த ஊராருக்கு என்றும் தீர்ந்தது.

"எப்பிடிப் பிரிக்கது? வெட்டியா?" என்று ஒருவர் அரிவாள்மனையை எடுத்துவரக் கிளம்பினார்.

"வேண்டாம்வே. முத்தின உருப்படி. வேகாது" என்று தலைவர் தடுத்துவிட்டார். "ஒரு நாள் சம்மாட்டிக்கு, மறுநாள் ஒரு வீட்டுக்குன்னு முறை வச்சுக்கிடுவோம்."

இந்த நேரத்தில் பிரகாசி மீன் கூடையோடு வந்து சேர்ந்தாள். "என் புருசனை எதுக்கு மணல்ல போட்டு வச்சிருக்கிய?"

விவரம் சொன்னார்கள்.

"அப்ப எனக்கு?"

"நீ கயித்துல கை வச்சியாம்மா?"

"இல்ல."

"பொறவு எப்பிடிப் பங்கு தருவோம்?"

பிரகாசி கூடையை இறக்கி வைத்து யோசித்தாள். "அவருக்குச் சாப்பாடு யாரு போடுவா?"

"பங்குக்காரங்கதான் போடணும்."

"துணி துவைக்கது?"

"அதுவும்தான்."

"முறைன்னா முறைதான்" என்று சொல்லிவிட்டுப் பிரகாசி கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போகும்போது அவள் ஏதோ பாடிக்கொண்டு போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அன்றிலிருந்து கஸ்பார் ஒரு நாள் ஊராரில் ஒரு வீட்டுக்குப் போனான். கூரை வேய்ந்தான், வலை முடிந்தான், வயிறாரச் சாப்பிட்டான். மறுநாள் சம்மாட்டியின் முறை. மாலுமி என்ன செய்யச் சொல்கிறது என்று தெரியாததால், அது செய்வதையே தானும் செய்தான். மதியம் வரை நிழலில் படுத்துக் கிடந்துவிட்டு, பிறகு நிழல் நகர்ந்த பக்கம் நகர்ந்து படுத்தான். இந்த உத்தியோகம் அவனுக்கு நன்றாக ஒத்துப்போனது.

எந்த நாளானாலும் விடியற்காலையில் மட்டும் கடலுக்குப் போகத் தவறவில்லை. கையில் கயிறு இருந்தது, ஊரார் இழுக்கவும் தவறவில்லை. "இழுக்காதிய, நாந்தான் இருக்கேன்" என்று அவன் ஒரு நாள் சொல்லிவிட்டுத்தான் போனான். "சரிவே" என்றார்கள். கயிற்றைக் கண்டதும் கை கேட்கவில்லை. அந்த மாதம் ஊருக்கு ஒரு மீன் கூடக் கிடைக்கவில்லை. கஸ்பார் மட்டும் தினமும் கிடைத்தான். "கடல்ல மீனு அத்துப்போச்சு" என்று தலைவர் பெருமூச்சு விட்டார். "கஸ்பாரும் இல்லன்னா நம்ம பாடு என்ன ஆவும்?"

கஸ்பாருக்கு மட்டும் ஒரு கவலையும் இல்லை. சட்டப்படி மாலுமி கரையில் இருந்தது. அது குரைப்பது கேட்டது. குரைப்பு இருந்த இடத்துக்கு அவன் துடுப்பே போடாமல் வந்து சேர்ந்தான். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று நினைத்தான்.

அதிகாரி வருகிற நாள் நெருங்கியது. பலகை இன்னும் வெறுமையாகவே இருந்தது. ஊர் அவசரமாகக் கூடியது.

"கேள்வியே தப்பு" என்றார் இன்னாசி. "கரைக்கு நாய் வரலாமான்னு கேக்காவ. சம்மாட்டியைக் கரைக்கு வரக் கூடாதுன்னு எந்த ஊர்லயாவது சொல்லுவாங்களா?"

"சொல்லவே கூடாது" என்றார் தலைவர். வேண்டாம் என்று முன்பு பேசியவரும் அவர்தான். "அவரு இல்லாம இந்த ஒரு மாசம் ஊரு என்ன தின்னிருக்கும்?"

இந்த ஒரு மாதம் ஊர் என்ன தின்றது என்று எல்லாரும் யோசித்துப் பார்த்தார்கள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இருந்தாலும் பேச்சில் நியாயம் இருந்தது.

"அப்ப கயிறு?" என்று கஸ்பார் கேட்டான். "கயிறு கட்டாயம்னு சொன்னாரே."

"கயிறு வேணும்தான். ஆனா யாருக்கு? இந்த மாசம் கயித்துனால கரைக்கு வந்து சேந்தது யாரு? நீரு. மாலுமி ஒரு நாளாவது தொலைஞ்சுதா? ஆளுதான் தொலையுது. கயிறு ஆளுக்குத்தான் வேணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். இவ்வளவு தெளிவான விஷயம் ஓர் அதிகாரிக்குத் தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டார்கள். கோயில் கொடிமரத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டில் பலகையை எழுதி, கரையின் நடுவில் நட்டார்கள்.

மறுநாள் ஜீப் ரோட்டை விட்டு இறங்கி, மணலில் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதிகாரி இறங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இக்கடற்கரையில் நாய்களுக்கு அனுமதி உண்டு. ஆட்களைக் கயிற்றில் கட்டிக் கொண்டு வரவும். கட்டாத ஆட்களை வண்டியில் பிடித்துப் போட்டுக்கொண்டு போய்விடுவோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். எழுத்து மாறவில்லை. "யாருய்யா இதை எழுதினது?"

"ஊர் கூடி எழுதினது ஐயா. நீங்க சொன்னபடிதான்" என்றார் தலைவர்.

"நான் நாயைக் கட்டச் சொன்னேன்யா."

"கட்டியிருக்கு ஐயா" என்று கஸ்பார் பணிவாக முன்னால் வந்தான். இடுப்பில் கயிற்றை முடிந்திருந்தான். கயிற்றின் மறுமுனை, மணலில் சுருள் சுருளாகக் கிடந்த மிச்சத்தைத் தாண்டி, நிழலில் படுத்திருந்த மாலுமியிடம் போனது. "அதுலயும் ஒரு முனை, என்கிட்டயும் ஒரு முனை. குறை ஏதும் வைக்கல்ல."

அதிகாரிக்கு முகம் சிவந்தது. "முதல்ல இதை அவுத்துப் போடுய்யா" என்று அவன் இடுப்பு முடிச்சைத் தானே பிடித்து இழுத்தார்.

ஊர் எட்டிப் பார்த்தது.

"கை வச்சிட்டாரு" என்றார் தலைவர்.

"பங்கு விழுந்துட்டு" என்றார் இன்னாசி. "இன்னைக்கு எங்க வீட்டு முறை. போகட்டும், விருந்தாளிக்கு விட்டுக் குடுக்கேன். கஸ்பாரு, கிளம்பும்வே."

கஸ்பார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தான். ஏறுவதற்கு முன்னால், வள்ளத்தில் எப்போதும் செய்கிற பழக்கத்தில், இடுப்புக் கயிற்றை அவிழ்த்து ஜீப்பின் பின்கொக்கியில் கட்டி, மிச்ச வாலைக் கையில் பிடித்துக்கொண்டான்.

"இவன் எதுக்கு ஏறுறான்?" என்றார் அதிகாரி.

"உங்க பங்கு ஐயா. ராத்திரிக்குச் சோறு போட்டு நாளைக்கு அனுப்பிருங்க. நாளைக்குச் சம்மாட்டி முறை" என்றார் தலைவர்.

"சம்மாட்டி யாரு?"

எல்லாரும் மாலுமியைக் காட்டினார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். முன்சீட்டில் ஏறி, "வண்டிய எடு. பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுடலாம்" என்று டிரைவரிடம் மெதுவாகச் சொன்னார்.

ஜீப் கிளம்பியது. கஸ்பார் போவதைப் பார்த்துக் கரையில் நின்றவர்களுக்கு மனம் ஒரு மாதிரியாக இருந்தது. ஒரு மாதமாகக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரே பாடு அது. கஸ்பார் கரையையே பார்த்துக்கொண்டு போனான். மாலுமி தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. வெளியூர் வீட்டில் விடியற்காலையில் எந்தக் குரைப்பைக் கேட்டு எழுந்திருப்பது என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மணலில் கிடந்த சுருள்கள் ஒவ்வொன்றாக எழுந்து ஓடிக்கொண்டிருந்தன. கயிறு விறைக்கத் தொடங்கியது.

கரையில் முதலில் அதைப் பார்த்தது பிரகாசி. ஒரு மாதமாக வீட்டில் தனியாக இருந்து பாட்டுப் பாடி அலுத்துப் போயிருந்தாள். இந்தத் தடவை பங்கு தவறக் கூடாது என்று கூடையை எறிந்துவிட்டு ஓடிவந்து கயிற்றைப் பிடித்தாள். அவள் பிடித்ததைப் பார்த்து ஊரே பிடித்தது. "ஏலோ, ஐலசா."

ஜீப்பின் சக்கரங்கள் மணலைப் பீய்ச்சின. "என்னய்யா, வண்டி பின்னால போவுது?" என்றார் அதிகாரி.

"முன்னால போற கியர்தான் சார் போட்டிருக்கேன்" என்றார் டிரைவர்.

"நீரோட்டம் மாறியிருக்கும் ஐயா" என்று கஸ்பார் பின்னாலிருந்து விளக்கிச் சொன்னான். "துடுப்புப் போட்டுப் பிரயோசனம் இல்ல."

அப்போது மாலுமி குரைத்தது. கஸ்பாருக்கு அந்தச் சத்தம் காதில் பாலை வார்த்தது போலிருந்தது. "கரை வந்தாச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜீப் பலகையில் முட்டி நின்றதும் சாவகாசமாக இறங்கினான்.

ஊர் சுற்றி நின்று பார்த்தது. ஒரு ஜீப், ஒரு டிரைவர், ஓர் அதிகாரி, பழைய கஸ்பார். இப்படி ஒரு பாட்டைக் கிளிஞ்சல்முனை அதுவரை கண்டதில்லை. ஐஸ் கொண்டுவர ஆட்கள் ஓடினார்கள்.

"நான் கவர்மெண்ட் ஆபீசர்யா. என்னை விடுங்க" என்று அதிகாரி கையைக் காலை உதறினார்.

"கரைக்கு வந்த புதுசுல எல்லாம் இப்படித்தான் துள்ளும்" என்று இன்னாசி ஊராரைச் சமாதானப்படுத்தினார். "கொஞ்ச நேரத்துல அடங்கிரும்."

மாலுமி எழுந்து சோம்பல் முறித்து, சம்மாட்டியின் பங்காக ஜீப்பின் முன்சீட்டில் ஏறிப் படுத்துக்கொண்டது. முதலில் கை வைத்தவள் என்பதால் மீதியில் முதல் உருப்படியை எடுக்கும் உரிமை பிரகாசிக்குப் போயிற்று. அவள் கஸ்பாரைப் பார்த்தாள். அதிகாரியைப் பார்த்தாள். அதிகாரியின் கையைப் பிடித்து, "வாங்க ஐயா, குழம்பு கொதிக்குது" என்று கூட்டிக்கொண்டு நடந்தாள்.

டிரைவர் விவரமான ஆள். நாலு பக்கமும் ஒரு தடவை பார்த்தார், பலகையை ஒரு தடவை படித்தார், விஷயம் முழுக்க அவருக்குப் பிடிபட்டுவிட்டது. கஸ்பாரின் பக்கத்தில் வந்து மணலில் குந்தினார்.

"அண்ணே, இந்த ஊர்ல எந்த வீட்டுல சாப்பாடு நல்லாருக்கும்?"

கஸ்பார், பிரகாசிக்குப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிற அதிகாரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த வீட்டைத் தவிர எந்த வீடுன்னாலும் சரிதான் தம்பி" என்றான்.